அரங்குவீட்டில் அசையாதிருந்த கை

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் பணிவான வணக்கம். இருட்டைப் படம் பிடிப்பதற்கென்றே ஒருவன் மும்பையிலிருந்து தென்காசி வரை இரயிலேறிச் சென்றான் என்றால் தாங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அறியேன். சென்றவன் நான்தான்.

என் தங்கை சரோஜாவுக்கு ஒரே மகள். பெயர் மேகலா. மும்பையில் அவள் வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே குற்றாலத்தைச் சேர்ந்த இசக்கிமுத்து என்னும் இளைஞரும் வேலை பார்க்கிறார். இருவரும் மணம் செய்துகொள்வதென்று தம்முள் முடிவு செய்து, பிறகு எங்களிடம் தெரிவித்தார்கள். நாங்கள் ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து மும்பைக்குக் குடியேறியவர்கள். ஊர் தூரம், பேச்சு வேறு, சமையல் வேறு என்று தங்கை அடுக்கிய மறுப்புகளெல்லாம் மகளின் பொறுமைக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சரிந்தன. எஞ்சி நின்றது ஒன்றே ஒன்று. அது, அவள் மருமகளாகக் கால் வைக்கவேண்டிய குற்றாலத்து வீடு.

தங்கைக்கு மணம் பேசிய காலத்தில் எங்கள் பெரியவர்கள் மாப்பிள்ளை வீட்டு முன்னறையில் அமர்ந்து, காப்பி அருந்தி, நல்ல வீடு என்று கூறித் திரும்பிவிட்டார்கள். அவ்வீட்டின் சமையலறைக்குச் சன்னலே இல்லை என்பது அவள் விறகடுப்பின் முன் உட்கார்ந்த அன்றுதான் தெரியவந்தது. அந்தப் புகையில் பல ஆண்டுகள் இருந்தவள் அவள். இன்று முழங்கால் வலியால் மாடிப்படிகூட இறங்க இயலாத நிலையில், தாய்மாமனாகிய என்னை அனுப்பினாள்.

“முன்ரூமை எவன் வேணா காட்டுவான், அண்ணா. நீ உள்ள போ. அடுப்பங்கரை, சாமான் ரூம் எல்லாத்தையும் போட்டோ புடிச்சு அனுப்பு. பாத்துட்டுத்தான் சரின்னு சொல்வேன்” என்றாள்.

மணமகன் வீட்டாரையே கைப்பேசியில் காட்டச் சொல்லலாமே என்று மேகலா கேட்டதற்கு, “அவங்க காட்டுறதத்தான நாம பாப்போம்?” என்று தங்கை அதனைத் தள்ளிவிட்டாள். என் கைப்பேசியோ பேசுவதற்கு மட்டுமே ஆனது. ஆகவே என் கேமரா புறப்பட்டது.

அது மிக எளிய கேமரா. தாணே இரயிலின் நெரிசலில் ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து அதன் மின்னொளி எரிவதில்லை. ஆயினும் தலையில் ஒரு சிறு சக்கரமுண்டு. ஓடும் மனிதன், பூ, மலை, பிறைநிலா என்று அதில் குறிகள் இருக்கும். பிறைநிலாவில் திருப்பி வைத்தால், கேமரா தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்துக்கொண்டு, அறையிலுள்ள சொற்ப வெளிச்சத்தையும் சிறுகச் சிறுகப் பருகிக்கொள்ளும். அவ்வேளையில் கேமராவும் அசையக் கூடாது, எதிரிலிருப்பவரும் அசையக் கூடாது.

முதல் நாள் தென்காசியில் இறங்கியபோது சாரல் தூவிக்கொண்டிருந்தது. மும்பை மழை கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். தென்காசிச் சாரலோ செருப்பைக் கழற்றிவிட்டு வரும். நிலையத்தருகே தேநீர் அருந்துகையில் கடைக்காரர், “அண்ணாச்சி சீசனுக்கு வந்தியளா?” என்று கேட்டார். “இல்லை, ஓர் அலுவல் நிமித்தம்” என்றேன். “அப்பம் கலெக்டர் ஆபீசுதான். நேராப் போயி வலது கைப் பக்கம் திரும்புங்க” என்றார். அன்று முழுவதும் நான் யாரிடம் அலுவல் என்று சொன்னாலும் என்னை ஆட்சியர் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். மாவட்டத் தலைநகரான பெருமை அவ்வூராருக்கு இன்னும் புத்தம் புதிதாகவே இருக்கிறது.

மாலையில் பிரானூர் சென்று ஒரு பரோட்டாக் கடையில் அமர்ந்தேன். உள்ளே ஒரு மங்கலான குண்டு விளக்கும் நிறையப் புகையும் இருந்தன. மறுநாள் வேலைக்கு இதனினும் சிறந்த பயிற்சிக்களம் கிடைக்காது என்று கருதி, தண்ணீர்க் குவளையைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, பிறைநிலாவில் திருப்பிப் படமெடுத்தேன். கல், மாவு, எண்ணெய்ச் சட்டி யாவும் தெளிவாக விழுந்திருந்தன. பரோட்டா வீசிய மாஸ்டருக்கு மட்டும் முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. அவர் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டு, “ஏ அண்ணாச்சி! என் கைய எங்கன வச்சிய?” என்றார். ஓயாமல் அசைவது படத்தில் கரைந்துவிடும், நின்றது மட்டுமே நிலைக்கும் என்று விளக்கினேன். அவர் கல்லாவில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்து, “அப்பம் மொதலாளி பளிச்சுன்னு விழுவாவ” என்றார். பரோட்டாவும் கோழிக் குழம்பும் மெச்சத் தக்கவையாக இருந்தன. எங்கள் செம்பூரில் அதே பெயரில் விற்கப்படும் பண்டத்தை இனி நான் எப்படி உண்பேனோ, தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை குற்றாலத்துக்குப் பேருந்தேறினேன். சன்னலோரச் சாரல் முகத்தில் பட்டதும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பேருந்து ஐந்தருவியில் நின்றிருந்தது.

“குத்தாலம் எப்பமோ போயிட்டு அண்ணாச்சி. நல்லா ஒறங்குதியளேன்னு எழுப்பல” என்றார் நடத்துநர். கனிவோடு செய்யப்பட்ட தீங்கை என்னவென்று கடிந்துகொள்வது?

அங்கே நிற்கையில் கேரளத்திலிருந்து வந்த இருவர் என் கேமராவைப் பார்த்துத் தம் மொழியில் பேசிக்கொண்டார்கள். அண்டை வீட்டு மலையாளிக் குடும்பத்தாரின் பழக்கத்தால் அது எனக்கு விளங்கியது. “அந்தக் கேமராவைப் பார்த்தாயா?” என்றார் ஒருவர். “பார்த்தேன். அருவி அதற்குப் பிறகு வந்திருக்கும்” என்றார் மற்றவர். நான் தமிழில் நன்றி கூறினேன். இருவரும் விரைந்து குளிக்கச் சென்றுவிட்டார்கள்.

அத்துடன் நின்றிருக்கலாம். கேமராவின் ஈரத்தைத் துடைப்பதற்காக மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். ஒரு குரங்கு வந்து, யாதொரு பரபரப்பும் இன்றி, சொந்தப் பொருளை எடுப்பதுபோல் அதை எடுத்துக்கொண்டு மரமேறியது. ஆட்டோ ஓட்டுநர் என்னைத் தேற்றினார். “கண்ணாடிதான போச்சு, விடுங்க. போன வாரம் ஒரு பெரியவருக்குப் பல்செட்டே போயிட்டு. அத மாட்டிக்கிட்டு அது அவரப் பாத்துல்லா இளிக்கி!”

இவ்வாறு நனைந்தும் கண்ணாடியை இழந்தும் நான் அவ்வீட்டை அடைந்தேன். இசக்கிமுத்துவின் தந்தையார் காவல் துறையில் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அனைவருக்கும் அவர் ஏட்டையா. வெள்ளை வேட்டியும், சாரல் குளிருக்காகத் தலையோடு சேர்த்துப் போர்த்திய வெள்ளைத் துண்டுமாக வாசலிலேயே நின்றிருந்தார். தாயார் பேச்சியம்மாள் ஓடிவந்து துவாலை தந்தார்.

“வாங்க அண்ணாச்சி, இப்படி நனைஞ்சுல்லா வந்திருக்கிய! தல தொவட்டுங்க மொதல்ல.”

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பரிமாறினார்கள். கறுப்பு உளுந்தைத் தோலோடு அரிசியில் சேர்த்துப் பொங்கிய அச்சோற்றுக்கு நல்லெண்ணெய் ஊற்றினார்கள். ஊற்றினார்கள் என்பது உண்மையான சொல். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் துளியாக வரும்.

வீடு பெரியது, ஆனால் இருட்டு. குரங்குகளுக்கு அஞ்சிச் சன்னல்களையெல்லாம் பகலிலும் அடைத்து வைத்திருந்தார்கள். “தொறந்தா உள்ள வந்துரும். போன மாசம் கொழம்புச் சட்டியோட போயிட்டு” என்றார் பேச்சியம்மாள். நான் வந்த நோக்கத்தைத் தயங்கித் தயங்கிக் கூறியபோது அவர் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. ஏட்டையாதான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்.

“இது என்ன அண்ணாச்சி, கொல நடந்த எடத்தப் படம் புடிக்க மாதிரில்லா இருக்கு? சாக்பீசு வச்சிக் கோடு போட்டுத் தரட்டுமா?”

“நீங்க சும்மா இருங்க” என்றார் பேச்சியம்மாள். “பொம்பளப் புள்ளையக் குடுக்கவுக பாக்கத்தான செய்வாவ?”

பட்டாசல் எனப்படும் கூடத்தையும், அடுக்களை எனப்படும் சமையலறையையும் எடுத்து முடித்தேன். கடைசியாக எஞ்சியது அரங்குவீடு. திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் நடுவே அமைந்துள்ள, நெல்லும் புளியும் பலகாரமும் வைக்கும் சாமான் அறையை அவ்வாறு வழங்குகிறார்கள். அதற்குச் சன்னலே இல்லை. ஒரு சின்னஞ்சிறு விளக்கு மட்டும் உண்டு. நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை இருத்தினேன். என் மூச்சுக்காற்றே அதை அசைத்துவிடும் என்று எண்ணி, தானே படமெடுக்கும் விசையை அழுத்திவிட்டு வெளியேறினேன். “யாரும் உள்ளே போகாதீர்கள்” என்று பொதுவாக அறிவித்துவிட்டு, பேச்சியம்மாளோடு பின்புறம் சென்று பலாமரத்தைப் பார்வையிட்டேன். திரும்பி வந்தபோது படம் முடிந்திருந்தது. கண்ணாடி இல்லாத எனக்குக் கேமராவின் சிறு திரையில் எதுவும் விளங்கவில்லை. நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பினேன்.

மூன்றாம் நாள் தென்காசியில் ஒரு ஸ்டூடியோவில், படங்களையெல்லாம் தங்கையின் கைப்பேசிக்கு அனுப்பித் தருமாறு கேட்டேன். அங்கிருந்த பெண் கணினியிலிருந்து நிமிர்ந்தாள்.

“அண்ணாச்சி, இந்தக் கடைசிப் படத்தையும் அனுப்பணுமா?”

“எல்லாவற்றையும் அனுப்பம்மா. எதையும் மறைப்பது எங்கள் குடும்ப வழக்கமன்று.”

“ஒங்க இஷ்டம்” என்று கூறி அனுப்பிவிட்டுச் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுடைய பக்தியை நான் மனத்துள் பாராட்டினேன்.

விடுதி அறைக்குத் திரும்புமுன் தங்கையின் அழைப்பு வந்துவிட்டது.

“அண்ணா! யாரு அது, அந்த ரூம்ல வெள்ளப் புடவ?”

“எந்த அறையில்?”

“சாமான் ரூம்ல! முக்காடு போட்டுக்கினு நிக்கிறா. காலே இல்ல. உடம்பு வழியா பின்னால மூட்டையெல்லாம் தெரியுது. ஒரு கை மட்டும் நெஜமா இருக்குது, அண்ணா. கை மட்டும்! எந்த வீட்டுப் பாவமோ, எம் பொண்ணு அந்த வீட்ல கால் வெக்கக் கூடாது. முடிஞ்சுது.”

நான் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை. சற்று நேரத்தில் மேகலா அழைத்தாள்.

“மாமா, நீங்க போட்டோ எடுக்கப் போனீங்களா, பேய் புடிக்கப் போனீங்களா?” என்று சிரிக்க முயன்றவளுக்கு அழுகை வந்துவிட்டது. “அப்பா போனதுக்கு அப்புறம் அம்மா பேச்ச நான் மீறுனதே இல்ல, மாமா. இப்பவும் மீற மாட்டேன். அதான் பயமா இருக்கு. ஏதாவது பண்ணுங்க.”

படமெடுத்தவன் நான். அந்தப் பெண்ணின் வாழ்வு என் கேமராவின் பிறைநிலாவில் சிக்கிக்கொண்டு நின்றது. உடனே பேருந்து நிலையத்தருகே எழுத்துக் கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே திரும்பினேன். அப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு வாங்கிப் பார்த்தேன். என் தங்கையை நான் குறை கூற மாட்டேன். நானும் அங்கிருந்த சாமி படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். வெண்புகை போன்ற ஓர் உருவம், அதன் நடுவே எலும்பும் சதையுமாக ஒரு கை.

பரோட்டா மாஸ்டரின் கையை எண்ணிப் பார்த்தேன். அங்கே ஆள் இருந்தார், கை கரைந்தது. இங்கே ஆள் கரைந்தார், கை இருந்தது. அப்படியானால் வந்தவர் உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார், யாரேனும் வருகிறார்களா என்று. கை மட்டும் ஒரே இடத்தில் நிலைத்திருக்கிறது. அந்த இடம் ஓர் எவர்சில்வர் டப்பாவின் உட்புறம். மணிக்கட்டில் கடிகாரம், அதன் முகம் உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டப்பட்டிருந்தது. அவ்வாறு கட்டும் வழக்கம் காவல் துறையினரிடம்தான் நான் கண்டிருக்கிறேன்.

உண்மை கிடைத்துவிட்டது, அதைச் சொல்வதில்தான் இடர்ப்பாடு. ஏட்டையாவுக்குச் சர்க்கரை நோய் என்பதை உணவு வேளையிலேயே அறிந்திருந்தேன். வருங்காலச் சம்பந்தியை அவர் மனைவியின் முன்னிலையில் பலகாரத் திருடர் என்று எவ்வாறு கூறுவது? பேய்க்காகப் பெண் வீட்டார் விலகினால், அவமானத்துக்காகப் பிள்ளை வீட்டார் விலகமாட்டார்களா?

நான்காம் நாள் காலை, அம்மையாரின் செவிக்கு எட்டாத இடமொன்றை நாடி, ஏட்டையாவைப் பேரருவிக்குக் குளிக்க அழைத்துச் சென்றேன். இரகசியம் பேச அதைவிடத் தகாத இடம் உலகில் இல்லை என்பதை அருவியின் கீழே நின்ற பிறகே உணர்ந்தேன்.

“ஐயா, அன்று அரங்குவீட்டில்...” என்றேன்.

“என்னது?”

“டப்பாவில் கை வைத்தவர்...”

“கேக்கல அண்ணாச்சி, சத்தமாச் சொல்லுங்க!”

“டப்பா! பலகாரம்!” என்று கத்தினேன்.

“என்ன பலகாரம்?”

“தாங்கள்தான் கூற வேண்டும்!”

“முந்திரிக்கொத்து!” என்று உண்மையை முழங்கினார் ஏட்டையா, காவல் துறையில் உரக்கப் பதிலளித்துப் பழகிய தோஷத்தால். எண்ணெய் தேய்த்த நிலையில் வரிசையில் நின்றிருந்தவர்கள் அனைவரும் திரும்பினார்கள். “எங்கன விக்கான் அண்ணாச்சி?” என்று ஒருவர் ஆவலோடு கேட்டார்.

கரையேறித் தலை துவட்டும்போது, பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த படத்தைக் காட்டினேன். ஏட்டையா நெடுநேரம் பார்த்தார்.

“இது நான் இல்ல.”

“கடிகாரம் இருக்கிறதே, ஐயா.”

“கடியாரம் ஆயிரம் பேரு கட்டுவான்.” பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மீண்டும் படத்தை. “சாட்சி பலமாத்தான் இருக்கு” என்றார்.

தங்கை சொன்னதையும் மேகலா அழுததையும் கூறினேன். ஏட்டையாவின் முகத்திலிருந்த விளையாட்டு முழுவதும் வடிந்துவிட்டது.

“பேச்சிக்குத் தெரிஞ்சா அரங்குவீட்டுக்குப் பூட்டுப் போட்டுருவா, அண்ணாச்சி” என்றார். துண்டைப் பிழிந்தார். மீண்டும் பிழிந்தார். “போடட்டும். அந்தப் புள்ளயப் பத்தி எம் மவன் போன்ல பேசுதப்ப அவன் சத்தத்தக் கேக்கணுமே நீங்க. ஒரு முந்திரிக்கொத்துக்காக அவன் வாழ்க்கைய மறிச்சிட்டு நிக்கவா? வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

வீட்டுக் கூடத்தில் நடுவே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, மேல்துண்டை மடித்து வைத்து, கைப்பேசியின் ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டு, பலமுறை தொண்டையைச் செருமிய பின் அவர் என் தங்கையிடம் பேசினார்.

“தங்கச்சி, நான் இசக்கியோட அப்பா பேசுதேன். அந்தப் படத்துல நிக்கது பேயும் இல்ல, பொம்பளையும் இல்ல. நாந்தான். தலையில கெடந்தது துண்டு. டப்பாவுல இருந்தது முந்திரிக்கொத்து. எனக்குச் சுகர் உண்டு, திங்கக் கூடாது. தின்னேன். இத எந்த நிர்ப்பந்தமும் இல்லாம ஒத்துக்கிடுதேன்.”

அடுக்களையிலிருந்து பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பேச்சியம்மாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தார். ஏட்டையா தலை நிமிரவில்லை.

“இதச் சொல்லத்தான் இம்புட்டு நேரம் தொண்டையச் செருமுனியளாக்கும்?” என்றார் பேச்சியம்மாள். “எனக்கு எப்பமோ தெரியும். அந்த டப்பாவுல ரெண்டே ரெண்டுதான் போட்டு வைப்பேன். மிச்சம் அரிசிப் பானைக்குள்ள கெடக்கு.”

ஏட்டையா இப்போது நிமிர்ந்தார். “ஏட்டி! அரிசிப் பானைக்குள்ளயா?”

“ஏங்க,” என்று என் தங்கையின் குரல் எழுந்தது. “தெரிஞ்சுக்கினேவா சும்மா இருந்தீங்க?”

“ஏசுனா கடையில போயித் தின்னுட்டு வருவாவ, மயினி. இங்கன தின்னா எவ்வளவு உள்ள போவுதுன்னு நமக்குத் தெரியும்லா?”

மதினி என்பதன் நெல்லை வழக்காகிய மயினி என்ற அந்தச் சொல்லைத் தங்கை மனத்துக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சிரிப்பொலி கேட்டது. அவளுடைய கணவர் மறைந்த பிறகு அவ்வளவு நீண்ட சிரிப்பை நான் கேட்டதில்லை. சிரித்து முடித்ததும் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“உங்க அடுப்பங்கரைக்கு ஜன்னல் இருக்குதா? போட்டோல ஒண்ணும் தெரியல.”

“இருக்கு. கெழக்குப் பாத்து” என்றார் பேச்சியம்மாள். “குரங்குக்காக மத்ததையெல்லாம் மூடி வைப்பேன். இத மூடி வச்சா பொக எங்க போவும்? அடுப்புப் பத்துத நேரம் பூராத் தொறந்துதான் இருக்கும். பக்கத்துலயே கம்பு வச்சிருக்கேன். ஒங்க மவளுக்கு ஒரு கம்பு தனியா வாங்கி வைக்கேன்.”

“அப்ப சரி” என்றாள் என் தங்கை.

திருமணம் தை மாதத்தில் என்று பெரியோர்கள் பேசி முடித்திருக்கிறார்கள். அரங்குவீட்டுக்குப் பூட்டு வரவில்லை.

ஐயா, அம்மா, இதனை எழுத நேர்ந்த காரணத்தைக் கூறி முடிக்கிறேன். உண்மை தெரியவருவதற்கு முன்னரே என் தங்கை அப்படத்தை உறவினர் சிலருக்கு அனுப்பிவிட்டாள். அவர்கள் தம் உறவினர்க்கு அனுப்ப, இப்போது அது, குற்றாலத்தில் நள்ளிரவில் பதிவான உண்மைக் காட்சி என்னும் தலைப்போடு ஊர் ஊராகச் சுற்றி வருகிறது. எடுத்தது பட்டப்பகலில் என்று நான் எழுதிய மறுமொழியை எவரும் பொருட்படுத்தவில்லை. ஏட்டையாவோ அதைத் தடுக்க வேண்டா என்கிறார். அருவிக்கரையில் அதனால் அவருக்குத் தனி மரியாதை.

ஆகவே அப்படம் தங்களிடம் வருமாயின் அதனை அழித்துவிட வேண்டா. அதனருகே இக்கட்டுரையையும் வைத்திருங்கள். நாளை மேகலாவுக்குப் பிறக்கும் குழந்தைகள் அதைக் கண்டு அஞ்சும்போது, அந்தக் கை தம் தாத்தாவின் கை என்று யாரேனும் எடுத்துக்காட்டியாக வேண்டும். படம் தானாக அதைச் சொல்லாது. இதனைப் பத்திரமாக வைத்திருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.